லியுவின் வீட்டில் மட்டும் ஏறிய கடல்

மிதவை ஊர்களைக் கலைத்து விரிகுடாவின் மக்களைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு வந்த மூன்றாவது மழைக்காலத்தில், கணவாய் மீன் விலை இறங்கிக் கிடந்த ஒரு பிற்பகலில், லியுவின் வீட்டுக்குள் கடல் ஏறியது. அவள் வீட்டுக்குள் மட்டும் ஏறியது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த அந்தக் குடியிருப்பில் எல்லா வீடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு வீட்டுச் சுவரில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் மாட்டியிருக்கும் படம் ஆடும். அப்படியிருந்தும் இந்தப் பக்கம் பிக்கின் வீட்டில் தரை காய்ந்து கிடந்தது, அந்தப் பக்கத்து வீட்டில் பாய் விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். லியுவின் வீட்டில் ஓடு பதித்த தரை முதலில் வியர்த்தது. பிறகு கணுக்கால் அளவு, பிறகு முழங்கால் அளவு என்று உப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் உயர்ந்தது. வாசல் கதவு திறந்தே இருந்தது. தண்ணீர் நிலைப்படி வரைக்கும் வந்து, அதற்கு மேல் தனக்கு அழைப்பில்லை என்பதுபோல் கண்ணாடிச் சுவராக நின்றுவிட்டது. தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அதற்குள் இறால் குஞ்சுகள் நீந்துவது தெரிந்தது. குடியிருப்பிலிருந்து பார்த்தால் கடல் கண்ணுக்கே தெரியாது. நடுவே ஒரு குன்றும், நிலக்கரி லாரிகள் போகும் சாலையும் இருந்தன. துறைமுகத்தில் வற்றத் தொடங்கிய நேரத்துக்கு இங்கேயும் வற்றத் தொடங்கி, விளக்கேற்றும் வேளைக்குள் கட்டிலுக்கடியில் கொஞ்சம் மணலையும் ஒரு நண்டையும் விட்டுவிட்டுக் கடல் போய்விட்டது.

லியு அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை. தண்ணீரை அவள் அதிகம் பார்க்கவுமில்லை. மூலையில் முழங்கால் நனைய நின்றுகொண்டிருந்த தன் புருஷன் துவானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. விரிகுடாவிலிருந்து வந்த அத்தனை பேரிலும் கரையை அவளைப்போல் விரும்பியவர்கள் கிடையாது. நீலப் பீப்பாய்கள்மேல் பலகை அடித்த வீட்டில் பிறந்தவள் அவள். தவழும் வயதில் இடுப்பில் கயிறு கட்டித் தூணில் முடிந்துவைத்தார்கள். கயிறு அவிழ்ந்த வயதில் துடுப்பைக் கையில் கொடுத்தார்கள். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகள் வானத்தைத் தொட நிற்க, பார்த்தவர்கள் எல்லாம் சொர்க்கம் என்றார்கள். அந்தச் சொர்க்கத்தில் உலராத துணியும், பூசணம் பிடித்த அரிசியும், குடிக்கிற தண்ணீருக்குப் பீப்பாயைக் கட்டி இழுத்துக்கொண்டு காத தூரம் போவதுமாக அவள் வயது போயிற்று. மகள் சென் பிறந்தது ஒரு புயலின்போது, தீவின் மறைவில் வீட்டைக் கட்டிப்போட்டிருந்த நேரத்தில். வலி வரும்போதெல்லாம் தரையும் எழுந்து எழுந்து விழுந்ததால் எது வலி எது அலை என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அசையாத ஒரு தரை. கரைக்கு வரச் சம்மதமா என்று அதிகாரிகள் வீடு வீடாகக் கேட்டுவந்தபோது துவான் வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டான். லியு அவன் பேருக்கும் சேர்த்துச் சம்மதம் சொன்னாள்.

கரைக்கு வந்தும் பிழைப்பு கடலில்தான் இருந்தது. விடிவதற்குள் எழுந்து பேருந்து பிடித்து, துறையில் சுற்றுலாக் கம்பெனிப் படகு ஏறி, காலி செய்துவிட்டு வந்த அதே ஊருக்கு அவள் தினமும் போனாள். அங்கே பார்வைக்கென்று சில வீடுகளை மட்டும் வண்ணம் பூசி விட்டுவைத்திருந்தார்கள். காய்ந்த வலைகளை நனைத்து நனைத்துக் காயப்போட்டிருந்தார்கள். பெரிய கப்பல்களில் வருகிறவர்கள் அவளுடைய மூங்கில் படகில் இறங்கி உட்காருவார்கள். சேவலும் கோழியும் கொத்திக்கொள்வதுபோல் நிற்கிற பாறை, பண நோட்டில் அச்சடித்த பாறை, தலையைக் குனிந்து நுழைய வேண்டிய குகை, அதற்கப்பால் நான்கு பக்கமும் மலை அடைத்த ஏரி, அதன் ஓரத்தில் வாழைப்பழத்துக்குக் காத்திருக்கும் குரங்குகள், சிப்பியை அவர்கள் கண்ணெதிரில் பிளந்து முத்தெடுத்துக் காட்டும் மிதவை என்று வரிசையாகக் காட்டிவிட்டுக் கப்பலில் ஏற்றிவிடுவாள். அவர்கள் படிக்கட்டு ஏறி உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் போவார்கள், சிறு படகில் தாங்களே துடுப்புப் போட்டுப் பார்ப்பார்கள், சாயங்காலம் கணவாய் பிடிப்பார்கள். லியு அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொள்வாள். தொப்பியைக் கழற்றக் கூடாது, கேட்டால் சிரிக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. வீடு திரும்பும்போது தோள்பட்டை இரண்டும் தன்னுடையவை இல்லாததுபோல் இருக்கும். கட்டிலில் படுத்துக் கையைத் தொங்கவிட்டுத் தரையை ஒரு தரம் தொட்டுப் பார்ப்பாள். அது அசையாமல் இருக்கும். அதற்கப்புறம்தான் கண் மூடுவாள்.

துவானுக்கோ கரை ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கும்போது தடுமாறினான். தூக்கம் வராமல் நிலைப்படியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தான். வேலையில்லாத நாளில் தேவையே இல்லாமல் பேருந்தில் ஏறித் துறைவரை போய், படகுகளைப் பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பி வந்தான். எனவே கடல் ஏறியதும் தெருவுக்கே பதில் தெரிந்துவிட்டது.

பேட்டையின் அதிகாரிகள் வந்து பார்த்து, குழாய் உடைப்பு என்றார்கள். உடைய அங்கே குழாயே இல்லை என்று தெரிந்ததும் தரையைப் பெயர்த்துப் புதிதாகச் சிமெண்ட் போட்டுக்கொடுத்தார்கள். அடுத்த பெருக்கு நாளில் கடல் சிமெண்டுக்கு மேலும் ஏறியது. ஏறுவதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. துறையில் ஏற்றம் பலமாக இருக்கும் நாட்களில் முழங்கால் வரை, மற்ற நாட்களில் கணுக்கால் வரை, மாதத்தில் இரண்டு தடவை கடல் சோம்பிக் கிடக்கும் நாட்களில் வெறும் ஈரம்கூட இல்லை. பிக் தன் செலவில் தாய்த் தெய்வக் கோயிலின் சாமியாடியை அழைத்துவந்தாள். அந்த அம்மாள் சிவப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் ஆடிவிட்டு, வெற்றிலை கேட்டு வாங்கி மென்றபடி சொன்னாள்:

"இந்த வீட்டு ஆள் ஒண்ணு கடலைக் கையோட கூட்டிட்டு வந்திருக்கு. பேரைச் சொல்ல எனக்கு உத்தரவு இல்ல."

"பேரு வேற சொல்லணுமாக்கும்," என்றாள் பிக், துவானைப் பார்த்துக்கொண்டே.

துவான் மீந்த வெற்றிலையை எடுத்துவைத்தான்.

கம்பெனியில் கூட்டங்களை ஏற்றி இறக்கப் பொறுப்பாக இருந்த கியெம் என்கிற இளைஞன் காதுக்கு இது போயிற்று. வந்து நிலைப்படியில் நின்று, தண்ணீருக்குள் ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.

"அக்கா, குகைக்கு எல்லாக் கம்பெனியும் போகுது. முத்து எல்லாரும் காட்டறாங்க. கடலைப் பார்க்க ஜனங்க கடலுக்குத்தான் போவாங்க. கடல் ஒரு வீட்டுக்கு விருந்தாளியா வர்றதை யாரு காட்டியிருக்கா?"

"அது விருந்தாளி இல்ல, தம்பி. போகச் சொன்னா போகாது."

"நல்ல விருந்தாளி எவன்க்கா போயிருக்கான்?" என்று சிரித்தான் கியெம்.

அப்படி லியுவின் வீடு பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாயிற்று. காலையில் சேவல் பாறை, குகை, மதியம் கப்பலில் சாப்பாடு, முத்து மிதவை, பிற்பகல் ஏற்ற நேரத்துக்கு, வேலை முடிந்து திரும்பும் லியுவும் அதே வேனில் வர, அவள் வீடு. வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிக் கால்களை மடக்கி உட்கார்ந்துகொள்வார்கள். தண்ணீர் ஏற ஏற ஏதோ மொழியில் வியப்பார்கள். துவான் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அவர்களுக்குப் பச்சைத் தேநீரும் கணவாய் வடையும் கொடுப்பான். வேகமாகவும் நடக்க மாட்டான், பேசவும் மாட்டான். ஆனால் தண்ணீரில் நிற்கும்போது அவன் தடுமாறவில்லை என்பதை லியு கவனித்தாள். அதுவும் அவன்மேல் எழுதிய கணக்கில் சேர்ந்தது.

இப்படி ஓராண்டு போயிற்று. ஒரு நாள் அவள் வழக்கத்தைவிட அதிகமான கூட்டங்களுக்குத் துடுப்புப் போட்டுவிட்டு, காய்ச்சல் உடம்போடு வேனுக்குப் பின்னால் தாமதமாக வந்தாள். அவள் கட்டிலில் அயலூரார் மூன்று பேர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அவள் தலையணையை மடியில் வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எல்லோரும் கையசைத்துச் சிரித்தார்கள். தொப்பி தலையில் இருந்ததால் லியுவும் பழக்கத்தில் சிரித்துவிட்டாள். பிறகு தெருவோரம் குந்தி, கடல் ஏறி வற்றி அவர்கள் வேன் ஏறிப் போகும்வரை காத்திருந்தாள். உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். படுக்கவில்லை.

"உனக்குக் கடல் வேணும்னா நீ கடலுக்குப் போ," என்றாள். அவனை அவள் எப்போதும் நீங்க என்றுதான் சொல்லுவாள். "அதை எதுக்கு என் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற?"

"நான் கூப்பிடல, சென் அம்மா."

"வேற யாரு கூப்பிட்டா? நானா?"

துவான் ஈரமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முடியல," என்றாள் லியு. குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "நாள் பூரா தண்ணி. வீட்டுக்கு வந்தாலும் தண்ணி. ஒரு நாள், ஒரே ஒரு நாள் காய்ஞ்ச தரையில கால் வெச்சுப் படுக்கணும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"சரி. நான் போறேன். தரை காயட்டும்," என்றான் அவன்.

மறுநாள் ஒரு பானை, ஒரு போர்வை, ஒரு தூண்டில் கட்டு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு கம்பெனிப் படகிலேயே போய், சிப்பி வளர்க்கும் ஒரு மிதவைக்குக் காவலாளாகச் சேர்ந்துகொண்டான். பலகைக் குடிசையும், யாரைப் பார்த்தாலும் குரைக்கிற ஒரு கிழட்டு நாயும் அங்கே அவனுக்குக் கிடைத்தன.

"ஏண்டி, புருஷனைத் தொரத்தியா தரையைக் காய வைப்பாங்க?" என்று கேட்டாள் பிக்.

"முதல்ல காயட்டும்க்கா. அப்புறம் பேசிக்கலாம்," என்றாள் லியு.

தரை காய்ந்தது. அவன் போன அன்றும் மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் ஒரு சொட்டு வரவில்லை. கியெம் வேனோடு வந்து பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுத் திரும்பிப் போனான். லியு கட்டிலை விட்டு இறங்கித் தரையிலேயே பாய் விரித்தாள். கன்னத்தை ஓட்டில் வைத்துப் படுத்தாள். வாழ்நாளில் சேர்த்துவைத்த அசதி முழுவதையும் அந்தத் தரையில் இறக்கிவைத்ததுபோல் ஒரு தூக்கம் தூங்கினாள். வேலைக்குக்கூடப் போகவில்லை. சாமியாடிக்குப் பழமும் ஊதுபத்தியும் கொடுத்தனுப்பினாள்.

அவை கடல் சோம்பிக் கிடக்கும் நாட்கள் என்பது பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவளுக்கு நினைவுக்கு வரவில்லை. பெருக்கு திரும்பிய அன்று பாயில் படுத்திருந்தவளுக்குத் தூக்கத்தில் முதுகுக்கடியில் ஏதோ தெரிந்த ஆட்டம் ஆடியது. கண்ணைத் திறந்தபோது பாயோடு மிதந்துகொண்டிருந்தாள். பாய் மெல்லச் சுற்றி, அவள் தலையை அடுப்பின் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

அவள் எழுந்து தண்ணீரில் நடந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் எதையோ இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதைத் தேடித்தான் கடல் வருகிறது என்று தீர்மானித்தாள். ஒரு பெருக்குக்கு அவன் பழைய செருப்பைத் தூக்கிப்போட்டாள், அடுத்ததற்கு அவன் ஓரமாகச் சுற்றிவைத்திருந்த கயிற்றை. வலைக் குண்டுகள், சவரக் கத்தி, சாயம் போன சட்டை என்று ஒவ்வொன்றாகப் போக, ஒரு கட்டத்தில் வீட்டில் அவனுடையது என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை. கடல் வழக்கமான நேரத்துக்கு வந்து வழக்கமான நேரத்துக்குப் போயிற்று. அதற்கு மேல் யோசிக்க அவள் உடம்பில் தெம்பு இல்லை. ஏற்ற நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்ளவும், வற்றியதும் பிக் வருவதற்குள் துடைத்துவிடவும் பழகிக்கொண்டாள். கியெம் கேட்டால், வரவில்லை என்றாள்.

குகைக்குப் போகும் வழி துவானின் மிதவையை ஒட்டித்தான் போயிற்று. கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அவள் கடக்கும்போதெல்லாம் நாய் குரைக்கும், அவன் குடிசையிலிருந்து வெளியே வருவான். நாய்க்கு எதிர்க்குரல் கொடுப்பதுபோல் ஒரே கேள்வியைத்தான் கேட்பான்.

"தரை காய்ஞ்சிருக்கா?"

"காய்ஞ்சிருக்கு."

"நல்லது," என்று தலையாட்டிவிட்டுக் கயிறுகளைச் சரிபார்க்கப் போய்விடுவான். படகில் இருப்பவர்கள் இதுவும் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று என்று நினைத்து அவனைப் படம் எடுப்பார்கள். ஒரு தடவை அவன் இளைத்திருப்பதைப் பார்த்தாள். இன்னொரு தடவை, புயல் போன மறுநாள், குடிசையின் கூரை பாதி இல்லை. அவன் அதன் கீழ் தார்ப்பாய் கட்டிக்கொண்டு நின்று, தரை காய்ஞ்சிருக்கா என்று கேட்டான். காய்ஞ்சிருக்கு என்று சொல்லும்போது துடுப்பு கையில் கனத்தது. இப்படி இன்னொரு ஆண்டும் போயிற்று.

அந்த வருஷம் மகள் சென் ஹாய்ஃபாங் நகரத்தில் பிள்ளை பெற்றாள். பிரசவித்தவளுக்கு ஒரு மாதம் தாய்தான் கூட இருந்து பார்க்க வேண்டும். செருப்புத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மருமகன், நான்காவது மாடியில் ஒற்றை அறை எடுத்திருந்தான். லியு கோழியும் இஞ்சியும் கட்டிக்கொண்டு போனாள். நான்காவது மாடி என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. படி ஏற ஏறக் கடலைக் கீழே கீழே விட்டுவிட்டுப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டே ஏறினாள். முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு பிற்பகலில், குழந்தைக்கு வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தபோது, நான்காவது மாடியின் தரை வியர்த்தது.

மருமகன் நல்ல பையன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியதும் குழந்தையைத் தூக்கி மனைவியிடம் கொடுத்தான், செருப்புகளைப் பொறுக்கித் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் வைத்தான். பிறகு கதவைத் திறந்து, தண்ணீர்ச் சுவரைத் தாண்டிக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"அத்தை, கீழ்வீட்டுல ஒரு சொட்டுகூட ஒழுகல. அவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. என்னையும் சாப்பிடச் சொன்னாங்க."

சென் படுக்கையில் சாய்ந்து, குழந்தையை மார்போடு வைத்துக்கொண்டு, சுவரில் ஏறி நின்ற ஈரக்கோட்டைப் பார்த்தாள். ஒரு சின்ன மீன் நாற்காலியின் காலைச் சுற்றிவிட்டுப் போயிற்று.

"அம்மா," என்றாள் மெதுவாக, "அப்பா இங்க இல்லயே."

லியு வெந்நீர்ப் பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்து அவளைச் சுற்றி நின்றது. நாய்க்குட்டி வந்து காலடியில் உட்காருவதுபோல் வேறெங்கும் போகாமல் நின்றது. பாத்திரத்தில் இருந்தது ஆறிப்போகும் வரைக்கும் அவள் அசையவில்லை.

"எனக்கு அது பிடிக்காதுடி," என்றாள் கடைசியில். "எனக்குப் பிடிக்காதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா வருமா?" என்றாள் சென்.

மீதி நாட்களில் ஏற்ற நேரம் நெருங்கும்போதெல்லாம் லியு படியிறங்கி, ஆற்றங்கரைப் பூங்காவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே கொஞ்சம் தண்ணீர் கூடினாலும் யாரும் கேட்கவில்லை. மாதம் முடிந்ததும் மகளிடமும் மருமகனிடமும் சொல்லிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

மறுநாள் காலையில் முதல் கப்பல் வருவதற்கு முன், யாரையும் ஏற்றாமல், மூங்கில் படகைத் தனியாகச் செலுத்திக்கொண்டு சிப்பி மிதவைக்குப் போனாள். பனி பாறைகளின் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. நாய் குரைத்தது. துவான் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்து, காலிப் படகைப் பார்த்து நின்றான். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் கேட்டான்:

"தரை காய்ஞ்சிருக்கா?"

"இல்ல."

அவன் கயிற்றை எறிந்தான். அவள் பிடித்துக் கட்டினாள். மிதவையில் ஏறவில்லை, படகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க போனதுலேருந்தே காயல," என்றாள். "தினம் தினம் பொய் சொன்னேன். சென் வீட்டுக்குப் போனேன், நாலாவது மாடி. அங்கயும் வந்துச்சு. நீங்க இல்ல. நான்தான். என்கூடத்தான் வருது."

துவான் மிதவையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்தான். நாயின் கழுத்தைச் சொறிந்துகொடுத்தான்.

"தெரியும்," என்றான்.

"என்ன தெரியும்?"

"கடல் வர ஆரம்பிச்ச முதல் வருஷம் ஒரு புயல் வந்துச்சே. படகு ஓட்டறவங்க உங்களையெல்லாம் கரைக்கு விடாம ரெண்டு நாள் குகை மறைவுல நிறுத்தி வெச்சிருந்தாங்க. நல்ல பெருக்கு நாளு. நான் வீட்டுல கட்டில் மேல ஏறி உட்கார்ந்து காத்துட்டே இருந்தேன். வரல. ரெண்டு நாளும் வரல. நீ வர்ற அன்னிக்கு, ரெண்டு வாளித் தண்ணியில உப்பைக் கரைச்சுத் தரையில ஊத்தி வெச்சேன்."

"எதுக்கு?"

"காய்ஞ்சு கிடந்தா நீ புரிஞ்சுக்குவியே."

லியு அவனையே பார்த்தாள். அவன் தலைமயிர் காதோரத்தில் முழுக்க நரைத்திருந்தது. தார்ப்பாய் இன்னும் அதே இடத்தில் கட்டியிருந்தது.

"அப்ப ஏன் சொல்லல? ஊரே உங்களைச் சொல்லுச்சு. நான் வெளியே போன்னு சொன்னேன். அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா?" என்றான் துவான். "என்னாலன்னா நான் கிளம்பிட்டேன். உன்னாலன்னு தெரிஞ்சா நீ எங்க போவ? உன்னை விட்டுட்டு நீ எங்கயும் போக முடியாது. அந்தத் தரை மேல நீ வெச்சிருந்த ஆசை எனக்குத் தெரியாதா."

அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். துடுப்பை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். தூரத்தில் முதல் கப்பலின் சத்தம் கேட்டது.

"கணவாய் இருக்கு, சாப்பிடறியா?" என்று கேட்டான் அவன்.

"வீட்டுக்குப் போய் சாப்பிடலாம். போர்வையை எடுத்துக்கோங்க."

"நாய்?"

"அதையும்தான்."

திரும்பும்போது துவான் துடுப்பை வாங்கிக்கொண்டான். அவள் முன்புறம், கூட்டம் உட்காரும் பலகையில் உட்கார்ந்தாள். அந்தப் பலகையில் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை. அவன் நேரே திரும்பாமல் படகைக் குகைப் பக்கம் விட்டான். தாழ்ந்த குகைக்குள் படகு நுழைந்தபோது தலையைக் குனிந்தாள். மறுபக்கம் வந்ததும் நிமிர்ந்து பாறைகளைப் பார்த்தாள். அழகாக இருப்பதாகத்தான் பட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கடல் பெருக்கு நாளில் முழங்காலுக்கும் மற்ற நாளில் கணுக்காலுக்கும் ஏறியது. துவான் கட்டில் கால்களைச் செங்கல் வைத்து உயர்த்தினான், அடுப்பை மேடையில் ஏற்றினான், மின்கம்பியை விட்டத்தோடு கொண்டுபோனான். கியெம் திரும்ப வந்து கேட்டான். பார்க்கிறவர்களுக்குக் குகை இருக்கிறது, தம்பி, இது நான் படுக்கிற இடம் என்று லியு சொல்லிவிட்டாள். அவனும் அந்த நேரத்துக்கு வடை சுடச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டான். குடியிருப்பின் ஒலிபெருக்கியில் காலையில் வானிலையும் தடுப்பூசி விவரமும் சொல்கிறவர், லியு வீட்டில் இன்றைக்கு ஏற்றம் எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் அதைக் கேட்டுக்கொண்டு வற்றத்தில் வந்து போனார். பிக் சந்தையில் விற்காத நண்டுகளை வலைப்பையில் போட்டுக்கொண்டுவந்து கட்டில் காலில் கட்டிவிட்டு, மறுநாள் உயிரோடு எடுத்துப்போனாள். சாமியாடியைப் பற்றி யாரும் பேசவில்லை. துவானிடம் தெருவில் ஒருவரும் மன்னிப்பும் கேட்கவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. நாய் மட்டும் கடல் ஏறும்போதெல்லாம் பழக்கத்தில் குரைத்து, கொஞ்ச நாளில் அதற்கும் சலித்துப்போயிற்று.

கடல் லியுவுக்கு அப்புறமும் பிடிக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு எடுக்கத் தொடங்கினாள். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு, ஏற்றம் வருவதற்கு முன்பே கட்டிலேறிப் படுத்துவிடுவாள். தண்ணீர் வந்தது அவளுக்குத் தெரியாது. தூக்கத்தில் ஒரு கால் கட்டிலைத் தாண்டித் தொங்கித் தண்ணீரில் நனையும். துவான் அதை எடுத்துத் துண்டால் துடைத்துக் கட்டில்மேல் வைப்பான். சற்று நேரத்தில் மறுபடி தொங்கும். கொஞ்ச நாள் அப்படி எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். பிறகு விட்டுவிட்டான்.